அமில அறைக் கதவில் கேட்ட கேள்வி

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அச்சுப் பட்டறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். என் ஜெர்மன் பேச்சுக்கு மட்டும்தான் உதவும். எழுதினால் எனக்கே விளங்காது. அதனால் தமிழில் எழுதுகிறேன். பீலெஃபெல்டில் பிறந்த நம் பிள்ளைகளும் கார்ல்ஸ்ரூஹேயில் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கும் இந்தியத் தம்பியும் இதைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை வீரனாக்கிவிட வேண்டாம். இது பயத்தைப் பற்றிய கதை.

தகட்டைத் துடைப்பது, தாளை நனைப்பது, உருளையின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாவற்றையும் உங்கள் அவுஸ்பில்டுங்கில், அதாவது தொழிற்பயிற்சியில், சொல்லித் தருவார்கள். அதில் நான் கைவைக்கப் போவதில்லை. பயந்தவன் பயந்துகொண்டே என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே சொல்லித் தருவதாக நான் கேள்விப்படவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தை விட்ட பிறகு கராச்சியில் வெங்காய மூட்டை ஏற்றினேன். பிறகு கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தேன். அப்போது ஜெர்மனி இரண்டாக இருந்தது. அகதி விண்ணப்பம் கொடுத்ததும் இந்தப் பீலெஃபெல்டுக்கு வெளியே வேறொரு மாவட்டத்து முகாமில் போட்டார்கள். அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது, வேலையும் செய்யக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன். ஓரிடத்தில் சும்மா இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஒரு தடவை பீலெஃபெல்ட் ரயில் நிலையத்தில் பிடிபட்டேன். இன்னொரு தடவை அகப்பட்டால் சிறை என்று சொல்லி அனுப்பினார்கள். சிறைக்குப் பிறகு என்ன என்று அவர்கள் சொல்லவில்லை. முகாமில் எல்லோரும் அதை ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: கொழும்புக்கு விமானம்.

என்னைப் பட்டறைக்குக் கூட்டி வந்தவர் சூசை அண்ணை. மன்னார்க்காரர். அவருடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. கிழிந்து கழித்த படுக்கை விரிப்புகளைச் சாக்கில் கட்டி, மை துடைக்கப் பட்டறைக்குக் கொண்டு வந்து கொடுப்பார். "கூட்டிப் பெருக்க ஆள் தேடுறா அமெரிக்கக்காரி. கதைக்கிறது கொஞ்சம் கடுமை. ஆனா பேப்பர் கேக்க மாட்டா" என்றார். நான் போனேன்.

அந்த அமெரிக்கப் பெண்மணியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. தன் படங்களுக்குக் கீழேகூடப் பென்சிலால் மிகச் சிறியதாகத்தான் கையெழுத்து வைப்பார். நான் அவரை ரீச்சர் என்று கூப்பிட்டேன். அமெரிக்காவின் நடுப்பகுதியில் மாட்டுப் பட்டிகளும் இறைச்சித் தொழிற்சாலைகளும் நிறைந்த ஒரு நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் இறைச்சி வெட்டுபவர். சிறுமியாக வேலியில் ஏறி உட்கார்ந்து, வெட்டுக்குப் போகும் மாடுகளை இறைச்சி சுற்றும் கடதாசியில் படமாகக் கீறுவாராம். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, வரைபடம் அச்சிடும் ஓரிடத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. செம்பும் மையும் அங்கேதான் பழக்கமாயின. பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் தலை நரைக்கும்வரை அச்சுக்கலை கற்பித்தார். ஆண்கள் மட்டுமே இருந்த அந்தப் பிரிவில் ஒரே பெண். ஓய்வு பெற்றதும் ஒரு வருடம் கற்பிக்க ஜெர்மனிக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. பழைய தையல் இயந்திரத் தொழிற்சாலையின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, அச்சு உருளைகளைப் போட்டு, மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். நீங்கள் இப்போது வேலை செய்வது அதே பின்கட்டில்தான்.

வாழ்நாள் முழுக்க அவர் கீறியது மாடுகள்தான். மேயும் மாடுகள் அல்ல. ஒடுங்கிய மரப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மாடுகள். தலையைத் தூக்கி, மூக்கை விரித்து நிற்கும். ஏன் எல்லாம் மூக்கைத் தூக்குகின்றன என்று ஒருநாள் கேட்டேன். "முன்னுக்கு என்ன நடக்குது எண்டு அதுகளுக்குத் தெரியாது. மணம் வந்து சொல்லும்" என்றார். அவர் பேசியது அமெரிக்கச் சாயல் அடித்த ஜெர்மன். எனக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் நினைவில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தொழில் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்கினால், கீறிய கோட்டை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தங்கும். ஈரத் தாளை வைத்து உருளைக்குள் விட்டால் படம் வரும். அமிலம் பலம் குறைந்தால் கோடு வராது. கூடினால் கோடும் போகும், ஆளும் போகலாம்.

அந்தப் பலத்தை அளக்க ரீச்சரிடம் இருந்த கருவி அவருடைய மூக்கு. பழைய ஆட்களின் வழக்கம் அது. அமிலத் தொட்டியின் மூடியை ஒரு விரலளவு தூக்கி, ஒரு தடவை முகர்ந்து, முகத்தைத் திருப்பிவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தலாம்" அல்லது "தண்ணி விடு" என்பார். புதிதாக வரும் ஒவ்வொரு மாணவனையும் முகரவைப்பார். என்னையும் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியிலேயே நின்றேன்.

"என்ன, பயமா?"

எனக்கு ஜெர்மன் வார்த்தை வரவில்லை. "பயம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அன்றிலிருந்து நான் அந்தக் கதவடிக்குப் போகும்போதெல்லாம் மாணவர்களிடம், "வழி விடுங்கோ, என்ரை மாடு வந்திட்டுது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளே போக மாட்டேன்.

என் பயத்துக்குக் காரணம் அவரே சொன்ன கதை. அமெரிக்காவில் அவரோடு கற்பித்த ஒருவர் அமில அறையில் பழுப்பு நிறப் புகையைச் சுவாசித்திருக்கிறார். கொஞ்சம் இருமினார், முகம் கழுவினார், மத்தியானம் எல்லோரோடும் இருந்து பகிடி விட்டுச் சிரித்தபடி சாப்பிட்டார். இரவு படுக்கையில் அவருடைய நுரையீரலில் நீர் நிறைந்து, விடியும்போது ஆள் இல்லை. இதைப் புதிய மாணவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்வார். கடைசியில், "அவர் சாப்பிட்டது பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும். ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்" என்பார். அந்த இரண்டாம் தரம்தான் என் மனதில் ஒட்டிக்கொண்டது. உள்ளே சாவு வேலை செய்துகொண்டிருக்க, மனிதன் தட்டை நீட்டி இன்னும் கேட்கிறான்.

நான் சொல்ல வந்த நாள் மாரியில், பனி இறுகிய ஒரு காலை. மாணவர்களுக்கு விடுமுறை. பட்டறையில் ரீச்சரும் நானும் மட்டும். அவர் தன் வாழ்க்கையிலேயே பெரிய தகட்டை முடிக்கும் கட்டத்தில் இருந்தார். பட்டி முழுக்க மாடுகள், எல்லாம் பார்ப்பவனை நோக்கி நிற்பவை. பல மாதங்கள் ஊசியால் கீறியது.

நான் உள்ளே வந்தபோது அடுப்பில் கோப்பி கரிந்துகொண்டிருந்தது. கட்டடம் முழுக்க அந்த நாற்றம். ரீச்சர் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்து ஊசியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

"கோப்பி கரிஞ்சு போச்சு, ரீச்சர்."

பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு அப்பிடித்தான் விருப்பம்" என்று ஒரு கோப்பையில் ஊற்றிக் குடித்தார்.

கொஞ்ச நாளுக்கு முன்புதான் அவர் கடும் காய்ச்சலில் கிடந்து எழும்பியிருந்தார். கரிந்ததை ஏன் குடிக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர் தகட்டைத் தூக்கிக்கொண்டு அமில அறைக்குள் போனார். நான் உருளையடியில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூடி தூக்கும் சத்தமும் தகட்டை அமிலத்தில் இறக்கும் சத்தமும் கேட்டன. பிறகு, "செத்துப்போச்சு இந்த அமிலம். ஒண்டும் மணக்கேல்லை" என்று அவர் தனக்குத் தானே சொல்வது கேட்டது. பிறகு போத்தலிலிருந்து ஊற்றும் சத்தம். அது நிற்கவில்லை.

அப்போதுதான் எனக்குக் கோப்பி விளங்கியது. காய்ச்சலோடு அவருடைய மூக்கும் போய்விட்டிருந்தது.

நான் கத்தினேன். என்ன மொழியில் கத்தினேன் என்று தெரியாது. கதவின் அடியிலிருந்து தேயிலைச் சாயம் போன்ற ஒரு நிறம் தரையோடு தவழ்ந்து வந்தது. புகை மேலே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அது என் காலை நோக்கி வந்தது. ரீச்சர் இருமியபடி வெளியே வந்தார். அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். வாசல்வரை வந்தவர் சட்டென்று நின்றார்.

"தகடு."

"வேண்டாம், ரீச்சர்!"

கையை உதறிவிட்டுத் திரும்பி உள்ளே போனார். நான் போகவில்லை. என் கால்கள் அந்த நிறத்தைத் தாண்ட மறுத்துவிட்டன. உள்ளே அவர் இருமுவது கேட்டது. தொட்டியில் தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டது. தகட்டைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு அவர் வெளியே வந்தபோது கண்களிலிருந்து நீர் வடிந்தது, முகம் சிரித்தது. பெரிய வாசலைத் திறந்து இரண்டு பேரும் முற்றத்துப் பனியில் நின்றோம்.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். புகை ஒரு ஆபத்து. அது கண்ணுக்குத் தெரிந்தது, நாங்கள் ஓடினோம். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய ஆபத்து. அப்போது ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. காற்று வந்து புகையைக் கலைத்தது. இருமல் நின்றது. ரீச்சர் முகம் கழுவினார். புதிதாகக் கோப்பி போட்டார். பாண் துண்டு ஒன்றில் வெண்ணெய் பூசிச் சாப்பிட்டார். பிறகு இன்னொரு துண்டை எடுத்தார்.

அந்த இரண்டாவது துண்டைக் கண்டதும் நான் அவருடைய மேலங்கியை எடுத்து நீட்டினேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"ஏன்? பாரும், நல்லாத்தானே இருக்கிறன்."

"அவரும் நல்லாத்தான் இருந்தவர். நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"அது வேறை. அவர் நிறையச் சிகரெட் குடிக்கிற ஆள்."

அந்த நேரத்தில் சூசை அண்ணை சாக்கோடு வந்தார். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார். "உதென்ன நாத்தம்? அமெரிக்கக்காரி கசாயம் காய்ச்சினவவோ?" என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, நான் சொல்லுறதைக் கேள். நீ இப்பவே ரெயில் ஸ்ரேசனுக்கு ஓடு. அம்புலன்சுக்கு நான் அடிக்கிறன். எனக்குப் பேப்பர் இருக்கு. உன்னை ஒருத்தரும் காணேல்லை."

"அண்ணை, அவ அவங்களுக்குப் பொய் சொல்லுவா. வாசல்லை நிண்டனான் எண்டு சொல்லுவா."

"சொல்லட்டுமன். டொக்டர் பாப்பார்தானே."

"பாத்தா ஒண்டும் தெரியாது. அதுதான் அந்த வியாதி. உள்ளை ரெண்டு தரம் போனதை நான் மட்டும்தான் கண்டனான்."

சூசை அண்ணை கையால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "விசரா. உன்னைப் பிளேனிலை ஏத்துவாங்களடா."

அது எனக்குத் தெரியாததில்லை. திருப்பி அனுப்பப்பட்டுக் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கிய எங்கள் முகாம்காரன் ஒருவனைப் பற்றிப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. அவனுடைய கட்டில் என் கட்டிலுக்கு மேலே வெறுமையாகவே கிடந்தது. நான் சுவரிலிருந்த தொலைபேசியை நோக்கி நடந்தேன். எனக்கு முன்னே ரீச்சர் போய் அதன்மேல் கையை வைத்து மறித்தார்.

"இதை எடுத்தால் முதல்லை தீயணைப்புக்காரர் வருவினம். பின்னாலை பொலிஸ் வரும். உம்மடை பேப்பரைக் கேப்பாங்கள். நான் உமக்காகத்தான் சொல்லுறன்."

அது உண்மைதான். எனக்காகவும்தான் சொன்னார். ஆனால் அப்படிச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தார். மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. எதையோ முகர முயல்வதுபோல, ஆனால் எதுவும் வராததுபோல. அந்த முகத்தை நான் அறிவேன். தகட்டிலிருந்து அந்த முகத்தை எத்தனையோ தடவை தாளோடு உரித்து எடுத்திருக்கிறேன்.

"ரீச்சர்," என்றேன். "பயமா?"

தொலைபேசி மேலிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. பிறகு தமிழில், "பயம்" என்றார்.

நான் தொலைபேசியை எடுத்தேன்.

அம்புலன்ஸ் வரும்வரை நான் அவருடைய நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் ஏறுகிறதா என்று பார்த்தேன். மை படிந்த நகங்கள், ஒன்றும் தெரியவில்லை. வந்தவர்கள் கேட்டதும் நான் நினைத்தபடியே ரீச்சர், "வாசலில் நின்றேன், கொஞ்சம் இருமினேன், அவ்வளவுதான்" என்றார். பயந்தேன் என்று என்னிடம் சொன்னவர் ஆண்களைக் கண்டதும் மறுபடி பேராசிரியர் ஆகிவிட்டார். வந்தவர்களில் ஒருவன் பையை மூடத் தொடங்கினான்.

"இல்லை" என்றேன். என் ஜெர்மன் உடைந்து உடைந்து வந்தது. "உள்ளே. இரண்டு தரம். இரண்டாவது தரம் உள்ளே இருமினார். புகை பழுப்பு."

பழுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கை நின்றது. பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. அவரைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். நடக்கக்கூட விடவில்லை. முற்றத்தில் நின்ற பொலிஸ்காரர் என்னிடம் வந்து மரியாதையாகத்தான் கேட்டார், உங்கள் அவுஸ்வைஸ், அடையாள அட்டை, என்று. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் முழுக்க எனக்கு ஒன்றும் தெரியாது. பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் இருந்தேன், பிறகு முகாமில் கிடந்தேன். நான் செய்தது சரியா என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. வந்த கேள்வி வேறு: என் பயம் பொய்யாக இருந்தால்? அவர் நல்ல சுகத்தோடு வீட்டுக்கு வந்திருந்தால், நான் ஒன்றுமில்லாத ஒன்றுக்காக என்னையே தூக்கிக் கொடுத்துவிட்டேனா? அப்படி ஆகியிருக்க வேண்டும் என்றும் நினைத்தேன், ஆகியிருக்கக் கூடாது என்றும் நினைத்தேன். மனிதனின் மனம் அவ்வளவு அழகானதில்லை.

சூசை அண்ணை முகாமுக்கு வந்தார். ரீச்சரின் படுக்கை விரிப்புகள் அவருடைய சலவைக்குத்தான் வருகின்றன. அதனால் தாதிகளிடம் விசாரித்திருக்கிறார்.

"பின்னேரம் வரைக்கும் இருந்து கதைச்சவவாம். தாதிமாருக்குப் படம் கீறிக் காட்டினவவாம். பேந்து கெதி கெதியா மூச்சு வாங்கி... இப்ப மெசினிலை கிடக்கிறா. நெஞ்சுக்குள்ளை தண்ணி. வீட்டிலை எண்டால் முடிஞ்சிருக்குமெண்டு டொக்டர் சொன்னவராம்." பிறகு, "நீ பயந்தாங்கொள்ளியாப் பிறந்தது நல்லதாப் போச்சுதடா" என்றார்.

அவர் பிழைத்தார். எனக்குத் தண்டனை கிடைத்தது, அனுபவித்தேன். விமானத்தில் ஏற்றவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

அந்தத் தகட்டை அமிலம் தின்றுவிட்டது. மரப் பாதை இல்லை, கால்கள் இல்லை, பெரும்பாலான உடம்புகள் இல்லை. பழுப்புப் புகைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல மூக்குகள் மட்டும் அங்கங்கே மிஞ்சின. ரீச்சர் அதை எறியவில்லை, திருத்தவுமில்லை. அப்படியே அச்செடுத்தார். நீங்கள் கோப்பி குடிக்கும் மேசைக்கு மேலே தொங்குவது அதுதான். பார்க்க வருபவர்கள் மூடுபனியை எவ்வளவு நுட்பமாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று புகழ்வார்கள்.

இளவேனிலில் அவர் பட்டறைக்குத் திரும்பினார். படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். மணம் திரும்பி வரவேயில்லை. அமிலத்தை அளவுக் குவளையால் அளக்கத் தொடங்கினார். மூக்கால் பார்க்கும் வழக்கத்தைப் பட்டறையிலிருந்தே எடுத்துவிட்டார். பன்றி இறைச்சிக் கதையோடு கரிந்த கோப்பிக் கதையையும் மாணவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார், தன்னை ஒளிக்காமல்.

நான் நடுவில் பல ஊர்களுக்குப் போய்விட்டேன். ஹம்பூர்க்கில் கப்பல் கழுவினேன், ஹாலேயில் கட்டடம் இடித்தேன். போன இடமெல்லாம் சலித்ததும் திரும்ப இங்கேயே வருவேன். எப்போது வந்தாலும் அமில அறைக் கதவடியில் அவர் அந்த ஒரு சொல்லைத் தமிழில் கேட்பார்.

"பயமா?"

"ஓம், ரீச்சர்."

"நல்லது. யன்னலைத் திறவும்."

அதற்குப் பிறகுதான் மூடி திறக்கும். வருடக்கணக்காக இப்படியே போயிற்று. அது எங்களுக்குக் காலை வணக்கம்போல ஆகிவிட்டது. எனக்கு விசா கிடைத்தது, சம்பளத்தோடு வேலை கிடைத்தது, அந்த அறையின் ஒவ்வொரு மூலையும் பழகிப்போனது. கையுறை போடாமல்கூட மூடியைத் தூக்குவேன் என்ற அளவுக்கு வந்துவிட்டேன். ஒருநாள் காலை, மாணவர்கள் சுற்றி நிற்க, அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"பயமா?"

எனக்கு அன்றைக்கு நல்ல சந்தோஷம். சிரித்துக்கொண்டே, "இல்லை, ரீச்சர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மாணவர்களிடம் திரும்பினார்.

"எல்லாரும் பென்சிலை எடுங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் உள்ளை போறேல்லை."